பொதுச் சபையில் சமயப் பேச்சுக்கு எல்லை

(உபாசகர் பாடம்)

திரிசரணம் ஏற்றுப் பஞ்சசீலம் காத்து வரும் நம்மவர் பலர் தொழிற்சங்கங்களிலும் அரசியல் கழகங்களிலும் ஊர்ப் பொதுநல மன்றங்களிலும் உறுப்பினராய் இருக்கின்றனர். அச்சபைகளில் இந்துக்கள் உண்டு, கிறித்தவர் உண்டு, இசுலாமியர் உண்டு, எச்சமயமும் வேண்டாமென்னும் பகுத்தறிவாளரும் உண்டு. அனைவர்க்கும் கூலிக் கோரிக்கை ஒன்று. குடிநீர்க் குறை ஒன்று. வீட்டுமனை வேட்கை ஒன்று. சமயம் மட்டுமே பல. இத்தகைய சபையில் சமயத்தைப் பற்றிப் பேசலாமா, பேசலாகாதா? பேசலாமெனின் எவ்வளவு, எப்போது, எவ்வாறு? இவ்வினா நம் படிப்பு வட்டங்களில் மீண்டும் மீண்டும் எழுகின்றது.

இதற்கு இரு சாரார் இருவகை விடை பகர்கின்றனர். ஒரு சாரார், சமயம் என்னும் சொல்லே சபையில் எழலாகாது, அது வீட்டோடு நிற்கட்டும் என்பர். மற்றொரு சாரார், நாம் பௌத்தம் தழுவியதே சமூக விடுதலைக்காக, ஆதலின் நின்ற இடமெல்லாம் நம் தம்மத்தையே முழங்க வேண்டும் என்பர். முன்னையது வாய்ப்பூட்டு, பின்னையது கட்டவிழ்ந்த வெள்ளம். பகவன் புத்தர் எதிலும் இரு கோடிகளை விலக்கி நடுவழி காட்டியவர். இவ்வினாவிலும் நடுவழி உண்டு. அதனை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

எல்லை என்பது யாது?

எல்லை என்றவுடன் சிலர் சிறைச்சுவரை நினைக்கின்றனர். விநயத்தில் கூறப்படும் எல்லை அஃதன்று. பிக்கு சங்கம் உபோசதம் முதலிய சங்க காரியங்களைச் செய்வதற்கு முன் ஒரு சீமா வகுத்தல் வேண்டும். மலை, பாறை, காடு, மரம், வழி, புற்று, ஆறு, நீர்நிலை என்னும் எட்டு வகை அடையாளங்களுள் ஏற்றவற்றைக் குறித்து, இவற்றுக்கு உட்பட்டது நம் சீமா என்று சங்கம் கூடி ஒப்புக்கொள்ளும். அவ்வெல்லைக்குள் இருக்கும் பிக்குகள் அனைவரும் கூட வேண்டும்; நோயால் வர இயலாதவர் தம் இசைவைச் சொல்லியனுப்ப வேண்டும். எல்லை சரிவர அமையாத இடத்தில் செய்த சங்க காரியம் செல்லாது.

இதன் உட்கருத்தை நோக்குவோம். எல்லையானது பேச்சை அழிப்பதற்கு அன்று, பலர் கூடிச் செய்யும் ஒரு காரியத்தைச் செல்லுபடியாக்குவதற்கே வகுக்கப்படுகின்றது. அதனை ஒருவர் மற்றவர்மேல் சுமத்துவதில்லை. அனைவரும் அறிய ஒப்புக்கொள்கின்றனர். அது வகுத்தவரையும் கட்டுப்படுத்துகின்றது. இம்மூன்று பண்புகளும் உள்ளதே நேரிய எல்லை.

எல்லை இல்லாத சபைக்கு என்ன நேரும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்வோம். யாம் பஞ்சாலையில் நூற்புப் பகுதியில் வேலை செய்த காலத்தில், போனசு கோரிக்கைக்காக ஆலைவாயிலில் ஒரு கூட்டம் நடந்தது. ஷிப்டு மாறும் இடைவேளையில் மனுவுக்குக் கையொப்பம் வாங்கவேண்டும். அவ்வேளையில் நம் சமயத்தைச் சேர்ந்த ஒருவர், பக்கத்தில் நின்றவரின் நெற்றித் திருநீற்றை ஏளனம் செய்து ஒரு சொல் சொன்னார். மற்றவர் மறுமொழியாக நம்மவரின் பிறப்பைக் குறித்து ஒரு சொல் சொன்னார். மணி அடித்தபோது மனுவில் பாதிப் பேரின் கையொப்பங்கூட விழவில்லை. மறுநாள் நிர்வாகத்தாரைக் காணச் சென்ற குழு அந்தக் குறைபட்ட தாளோடுதான் சென்றது. அன்றைய சண்டையில் வென்றவர் இருவருள் எவரும் அல்லர். அங்கே பேசப்பட்டது தம்மமும் அன்று, சைவமும் அன்று.

புகார் நகரத்து முரசு

எல்லை வகுக்கும் இவ்வழக்கம் நமக்குப் புதிதன்று. நம் முன்னோரின் பௌத்தப் பெருங்காப்பியமாகிய மணிமேகலையைத் திறந்தால், முதற் காதையிலேயே இதனைக் காணலாம்.

புகார் நகரத்தில் 28 நாள் இந்திரவிழா நடைபெற வேண்டும். வச்சிரக் கோட்டத்து முரசை யானையின் பிடரியில் ஏற்றி, முதுகுடிப் பிறந்த வள்ளுவன் நகரெங்கும் விழாவை அறிவிக்கின்றான். தெருக்களைத் தூய்மை செய்யவும், தோரணம் நாட்டவும், பூரண கும்பம் வைக்கவும் சொல்லிவரும் அவ்வறிவிப்பின் நடுவே சமயப் பேச்சுக்கும் ஓர் ஒழுங்கு கூறப்படுகின்றது. தத்தம் சமயப் பொருளை வாதிட விரும்புவோர், பட்டிமண்டபத்தின் முறைமையை அறிந்து அங்கே ஏறி வாதிடலாம். தமக்கு வேண்டாதவரோடு சேர நேரினும் சினமும் பூசலும் விளைக்காமல் விலகிச் செல்ல வேண்டும் என்பது அதன் கருத்து.

சாத்தனார் சொல்ல வைத்த இவ்வறிவிப்பில் எத்தனை நுட்பம் அடங்கியிருக்கின்றது! சமய வாதம் தடை செய்யப்படவில்லை. அதற்கென ஒரு மண்டபமே ஒதுக்கப்பட்டது. ஏறுபவர் அம்மண்டபத்தின் முறையை அறிந்திருத்தல் வேண்டும். விழாக் கூட்டத்தில், பல சமயத்தாரும் தோளோடு தோள் உரசி நிற்கும் தெருவில், பூசல் கூடாது. தெருவுக்கு ஒரு நெறி, மண்டபத்துக்கு ஒரு நெறி. பின்னர் மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயக் கணக்கரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கின்றாள். பிறர் சமயத்தைக் கேட்டறிந்த பின்னரே அவள் புத்த தருமத்தில் முழுமையாக நிலைபெறுகின்றாள்.

வேசாலி மன்றத்தில் சீக சேனாபதி

அரசியல் மன்றத்தில் எழுந்த சமயப் பேச்சு ஒன்று திரிபிடகத்திலேயே பதிவாகியிருக்கின்றது. அங்குத்தர நிகாயத்தில் எட்டன் தொகுதியிலும் விநயத்தின் மகாவர்க்கத்திலும் வரும் சீக சேனாபதியின் வரலாறே அது.

வேசாலி லிச்சவியரின் தலைநகர். அங்கு ஒரே அரசன் ஆளவில்லை. குலத்தலைவர்கள் மன்றத்தில் கூடி ஆண்டனர். ஒருநாள் அம்மன்றத்தில் தலைவர் பலர் அமர்ந்து புத்தரையும் தம்மத்தையும் சங்கத்தையும் புகழ்ந்து கொண்டிருந்தனர். அவரிடையே சேனாபதியாகிய சீகரும் அமர்ந்திருந்தார். அவர் நிகண்டரின் சீடர். பிற சமயத்தார் இருக்கும் சபையில் அவர் புகழுரையைக் கேட்டுச் சினக்கவில்லை; குறுக்கிட்டு வாதிடவும் இல்லை. இவர்கள் இவ்வாறு புகழ்வதாயின் அப்பெரியார் தக்கவராகவே இருத்தல் வேண்டும், நேரிற் கண்டு கேட்போம் என்று எண்ணினார். அவருடைய ஆசிரியர் இருமுறை தடுத்தார். மூன்றாம் முறை சீகர், ஆசிரியரைக் கேளாமலே, புத்தர் தங்கியிருந்த மகாவனத்துக்குச் சென்றார்.

சென்றவர் என்ன கேட்டார்? 'செயலின்மையைப் போதிப்பவர் என்று தங்களைச் சிலர் கூறுகின்றனரே, அஃது உண்மையா, பழியா?' என்பதே அவர் வினா. பகவன் சினங்கொள்ளவில்லை, பழி என்று தள்ளிவிடவும் இல்லை. உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் தீமை செய்யாதிருத்தலைப் போதிப்பதால் ஒருவகையில் அவ்வாறு கூறலாம் என்றும், நன்மை செய்தலைப் போதிப்பதால் செயலைப் போதிப்பவர் என்றும் கூறலாம் என்றும் பகுத்துக் காட்டினார். எதிரியின் சொல்லிலும் உண்மையான கூறு யாதென்று தேடி எடுப்பதே ததாகதரின் முறை.

சீகர் மகிழ்ந்து சரணம் புகுந்தார். இங்கே நாம் ஊன்றி நோக்கவேண்டிய மூன்று செய்திகள் உள. முதலாவது, புத்தர் அவரை உடனே வாரி அணைத்துக் கொள்ளவில்லை. புகழ்பெற்ற ஒருவர் நன்கு ஆராய்ந்தே முடிவு செய்தல் நலம் என்றார். இரண்டாவது, இதனைக் கேட்ட சீகர், பிற சமயத்தாராயின் தம்மைப் போன்ற ஒருவர் கிடைத்ததற்கு வேசாலி முழுதும் கொடி பிடித்து ஊர்வலம் வந்திருப்பரே என்று வியந்தார். மூன்றாவது, நிகண்டருக்கு நெடுங்காலமாகச் சீகரின் இல்லம் நீரூற்றுப் போன்றிருந்தது, ஆதலின் அவர்கள் வரும்போது உணவளிப்பதை நிறுத்தலாகாது என்று பகவன் அறிவுறுத்தினார்.

தம் சமயம் மாறியவர் பழைய சமயத்தாருக்குச் சோறிடுவதை நிறுத்தலாகாது என்று, புதிய சமயத்தின் ஆசானே கூறுகின்றார்! மதம் மாறிய நமக்கு இதனினும் நெருங்கிய பாடம் வேறில்லை. (இக்கதையில் வரும் நிகண்டரை வைத்து இக்காலச் சமண அன்பர்களை எடைபோடுதல் தவறு என்பதையும் சொல்லி வைப்போம்.)

சன்னதிக் கற்பலகை

அசோக மன்னர் தம் ஆட்சியில் பல சமயத்தாரும் கலந்து வாழ்வதைக் கண்டு ஒரு கட்டளை பொறித்தார். அது பெரும்பாறைக் கட்டளைகளுள் 12ஆவது. எல்லாச் சமயத்தாருக்கும் உட்பொருள் வளர வேண்டும். அதற்கு வேர் நாவடக்கம். தக்க காரணமின்றித் தன் சமயத்தைப் புகழ்வதும் பிறர் சமயத்தை இகழ்வதும் கூடாது. காரணம் இருப்பினும் அளவோடு பேசுதல் வேண்டும். தன் சமயத்தின்மீது கொண்ட பற்றினால் பிறர் சமயத்தை இகழ்பவன் தன் சமயத்துக்கே பெருந்தீங்கு செய்கின்றான். ஒருவர் அறத்தை ஒருவர் கேட்டலே நன்று என்பது அதன் சாரம்.

இக்கட்டளை குசராத்தில் கிர்னாரிலும் இன்னும் சில இடங்களிலும் உண்டு. கருநாடகத்தில் கலபுரகி மாவட்டத்துச் சன்னதி என்னும் ஊரிலும் 1980களில் இது கிடைத்தது. கிடைத்த விதம் சிந்திக்கத்தக்கது. பிற்காலத்தார் ஒருவர் அக்கற்பலகையை எடுத்துக் கோயிலில் தேவியின் திருவுருவுக்குப் பீடமாக அமைத்திருந்தனர். கூரை இடிந்து விழுந்தபோதே அது வெளிப்பட்டது. பிறர் சமயத்தை மதிக்கச் சொன்ன எழுத்து, பிறர் சமயத்தின் தெய்வத்தைத் தாங்கி மண்ணுக்குள் பல காலம் கிடந்தது. இதனைக் கேட்டுச் சினப்பதற்கு நமக்குக் காரணம் உண்டு. ஆனால் அக்கல்லில் எழுதியிருப்பது யாது என்பதை நினைத்தால் சினம் தணிந்துவிடும்.

ஐந்து எல்லைகள்

மேற்கூறிய சான்றுகளைக் கொண்டு, பல சமயத்தார் கூடும் சபைக்கு ஐந்து எல்லைகளை வகுத்துக் கூறுவோம்.

முதலாவது, இடம். கோரிக்கைக்காகக் கூடிய சபை வேறு. சமயம் ஆராயக் கூடிய அவை வேறு. முன்னையதில் எச்சமயத்தின் பிரசங்கமும் வேண்டா. சமயம் பேச விரும்புவோருக்குத் தனி நாளும் தனி இடமும் அமைத்துத் தருக. புகார் நகரத்துக்குப் பட்டிமண்டபம் இருந்ததுபோல் நம் சபைக்கும் ஒரு மண்டபம் இருக்கட்டும். தடை மட்டும் போட்டு இடம் தராத சபையில், அடைபட்ட பேச்சு முணுமுணுப்பாக மாறும்.

இரண்டாவது, காலம். அபய இளவரசருக்கு உரைத்த சூத்திரத்தில், உண்மையும் பயனும் உடைய சொல்லாயினும், கேட்பவருக்கு இனியதாயினும் இன்னாததாயினும், அதனைச் சொல்லத் தக்க காலத்தைத் ததாகதர் அறிந்திருப்பார் என்று கூறப்படுகின்றது. மெய்யானது என்பதனாலேயே ஒரு சொல் எந்நேரத்துக்கும் உரியதாகிவிடாது. உறுப்பினர் ஒருவரின் இல்லத்தில் சாவு விழுந்த நாளில், ஆன்மா உண்டா இல்லையா என்று வாதிடுவது மெய்யறிவன்று, கொடுமை.

மூன்றாவது, பொருள். ஐந்தனுள் இதுவே மிகவும் இன்றியமையாதது. மிகுதியும் குழப்பப்படுவதும் இதுவே. கடவுள் உண்டா, மறுபிறப்பு எத்தகையது, எந்நூல் உயர்ந்தது என்பன பொதுச் சபையின் பொருள் அல்ல. ஆனால் கோயில் தெருவில் நடக்க விடாமை, குழாயடியில் தள்ளி நிறுத்தல், சுடுகாட்டுக்கு வழி மறித்தல் முதலியவை சமயத்தின் பேரால் செய்யப்பட்டாலும் அவை சமயப் பொருள் அல்ல. மனித உரிமைப் பொருள். தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு ஒழித்துவிட்டது. ஆதலின் அதனைச் சபையில் எழுப்புபவரை நோக்கி, 'சமயம் பேசாதே' என்று எவரேனும் வாயடைத்தால், அவர் எல்லையைக் காப்பவர் அல்லர். எல்லையின் பின் அநீதியை ஒளித்து வைப்பவர். ஆலைவாயிலில் நிகழ்ந்த சண்டையை மீண்டும் நினைவு கூர்க. திருநீற்றை ஏளனம் செய்தது எல்லை மீறிய சமயப் பேச்சு. பிறப்பை இழித்துரைத்தது சமயப் பேச்சே அன்று, அது குற்றம். இரண்டும் தவறு, ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. தலைவராய் இருப்பவர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும்.

நான்காவது, சொல். எந்த வினாவுக்கும் உடனே விடை கூறியாக வேண்டும் என்பது வாதப் பித்து. வினாக்கள் நால்வகை என்று பகவன் கூறினார். நேரே விடை கூறத்தக்கது, பகுத்துக் கூறத்தக்கது, எதிர்வினா எழுப்பித் தெளிவிக்கத்தக்கது, விடை கூறாது நிறுத்தி வைக்கத்தக்கது என்பன அவை. மணிமேகலையின் 30ஆவது காதையிலும் இந்நால்வகை வருகின்றது. இறுதியானதற்கு வாய்வாளாமை என்று பெயர். வாய்வாளாமை தோல்வியன்று. 'இவ்வினா நன்று, இதற்கு இவ்விடம் அன்று, ஞாயிறன்று வருக, பேசுவோம்' என்பவர் தோற்றவராகார்.

ஐந்தாவது, நடத்துமுறை. எல்லை மீறியவரை அவர் இல்லாத இடத்தில் விசாரிக்கலாகாது. விநயத்தில் வழக்குகளைத் தீர்க்கும் ஏழு முறைகளுள் முதலாவது, உரியவர் முன்னிலையிலேயே தீர்த்தல். முதலில் நினைவூட்டல், பின்னர் எச்சரிக்கை, அதன் பின்னரே நடவடிக்கை. இம்முறை எல்லாச் சமயத்தாருக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். வெளிப்படையாகச் செய்யாவிடில் என்ன ஆகும் என்பதற்கும் வேசாலியே சான்று. வச்சியரைப் போரில் வெல்ல இயலாத மகத மன்னன் அசாதசத்து, தன் அமைச்சன் வச்சகாரனை அவர்களிடையே அனுப்பினான். அவன் ஓர் இளவரசனைத் தனியே அழைத்து, 'வயலை உழுகின்றார்களா?', 'ஓரிணை மாடு பூட்டியா?' என்று பயனற்ற வினாக்களைக் காதில் கேட்டனுப்புவானாம். என்ன கேட்டார் என்று மற்றவர் வினவ, இவன் உள்ளதைச் சொல்ல, அவர்கள் நம்பமாட்டார்களாம். இவ்வாறு மூன்று ஆண்டுகளில் இருவர் ஒரு வழியில் செல்லாத நிலைக்கு அவர்கள் வந்தனர் என்று அட்டகதை கூறுகின்றது. கூடிக் கலைவதில் ஒற்றுமை உள்ளவரை வச்சியருக்குத் தாழ்வில்லை என்று பகவன் கூறியிருந்தார். வாளால் வெல்ல இயலாத மக்களை ஐயம் வென்றது.

பாபாசாகேப் காட்டிய நெறி

போதிசத்துவர் அம்பேத்கர் 1935 அக்டோபர் 13 அன்று இயோலாவில், இந்துவாக இறக்க மாட்டேன் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டிலேயே சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். சமயம் மாறப்போவதாக நாடறிய உரைத்த அவர், கட்சியில் சேர்வோருக்கு அதனை நிபந்தனையாக்கவில்லை. சாதி இந்துக்களும் அக்கட்சியில் பணியாற்றினர். 1938 நவம்பர் 7 அன்று, தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து அன்றைய பம்பாயில் நடந்த ஒருநாள் வேலைநிறுத்தத்தில் அவர் கட்சியும் பொதுவுடைமையரும் ஒன்றுபட்டு நின்றனர். சமயம் பற்றி அவர்களுக்கும் இவருக்கும் கருத்து ஒன்றா? அன்று. ஆயினும் ஆலைத் தொழிலாளியின் உரிமை அன்றைய பொருள். அதனைவிட்டு அவர் விலகவில்லை.

அக்கருத்து வேற்றுமையை அவர் மறைத்தும் வைக்கவில்லை. 1956 நவம்பர் 20 அன்று காத்மாண்டுவில், உலக பௌத்தர் மாநாட்டில், புத்தரையும் மார்க்சையும் ஒப்பிட்டு விரிவாக உரையாற்றினார். அதற்கு உரிய அவை அது. தெருவில் ஒற்றுமை, மண்டபத்தில் வாதம் என்னும் புகார் நகரத்து நெறியே இங்கும் விளங்குகின்றது.

நிறுவனங்களையும் அவர் கலக்கவில்லை. சமயப் பணிக்கு 1955இல் பாரதீய பௌத்த மகாசபையை ஏற்படுத்தினார். அரசியலுக்கு அவர் கருதிய குடியரசுக் கட்சி, அவர் மறைவுக்குப் பின் 1957இல் உருப்பெற்றது. ஒரே மனிதர் இரண்டிலும் இருக்கலாம். ஒன்றின் மேடையை மற்றொன்றாக்கலாகாது. தீபமும் வேண்டும், நீர்க்குடமும் வேண்டும். தீபத்தைக் குடத்துக்குள் வைப்பார் இல்லை.

இரண்டு தடைகளும் விடைகளும்

'தம்மத்தைப் பலரின் நன்மைக்காகப் பரப்புவது நம் கடமையன்றோ? எல்லைக்கு உடன்பட்டால் கடமை தவறியவராக மாட்டோமா?' என்று கேட்கலாம். சீகர் எவ்வாறு தம்மத்துக்கு வந்தார் என்று பாருங்கள். எவரும் அவரை மன்றத்தில் மடக்கி வாதிடவில்லை. தாம் மதித்தவர் எதை மதிக்கின்றனர் என்று கண்டு வந்தார். சபைக் கணக்கைக் காசு பிசகாமல் எழுதும் உபாசகர், குடியாமல் கூட்டத்துக்கு வரும் உபாசகர், பிறர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருக்கும் உபாசகர் ஆகியோர் வாய் திறவாமலே பிரசங்கம் செய்கின்றனர். அவரை அணுகி, 'உங்கள் சமயம் யாது?' என்று ஒருவர் கேட்கும் நாள் வரும். அந்நாளில் விடை கூறுவதை எந்த எல்லையும் தடுக்காது.

'நாம் எல்லையைக் காக்கின்றோம்; அவர்கள் மீறினால் என்ன செய்வது?' என்பது இரண்டாம் தடை. பிரமசால சூத்திரத்தில் இதற்கு விடை உண்டு. சுப்பியன் என்னும் பரிவிராசகன் புத்தரையும் தம்மத்தையும் சங்கத்தையும் வழிநெடுக இகழ்ந்து வந்தான். அது கேட்ட பிக்குகளுக்குப் பகவன் கூறியது: இகழ்ச்சி கேட்டுச் சினந்தால் தீங்கு உங்களுக்கே; சினந்த மனத்தால் அவர் கூறியது சரியா தவறா என்று அறியவும் இயலாது; பொய்யாயின், இது பொய், இஃது எம்மிடம் இல்லை என்று அமைதியாக எடுத்துக் காட்டுங்கள். ஆதலின் பேசாதிருக்கச் சொல்லவில்லை. பொய்யை மறுக்கும் உரிமை நமக்கு உண்டு. மறுப்போடு நிறுத்தும் கடமையும் உண்டு.

இங்கே நடைமுறைச் சிக்கல் ஒன்றை ஆராய்வோம். ஆயுத பூசை நாளில் சங்க அலுவலகத்தில் படம் வைத்துப் பூசை செய்கின்றனர். 22 உறுதிமொழிகளை ஏற்ற நாம் அதிற் பங்குகொள்ள இயலாது. என்ன செய்வது? பூசை நடக்கும் வேளையில் உள்ளே நின்று நகைப்பதும் தவறு. மனம் ஒப்பாமல் கைகூப்புவதும் தவறு. வணக்கம் கூறி வெளியே நிற்கலாம். பொரியும் பழமும் கொடுப்பவர் அன்போடு கொடுத்தால், அது பூசைப் பொருள் என்பதால் ஏற்க இயலாமையை இன்சொல்லால் தெரிவிக்கலாம். செயற்குழு கூடும் நாளில், பொது நிதியிலிருந்து எச்சமயப் பூசைக்கும் செலவு செய்யலாகாது என்று எழுத்தில் தீர்மானம் கொடுக்கலாம். அத்தீர்மானத்தில் நம் வைசாகப் பௌர்ணமியின் பெயரை முதலில் எழுதுக! நம் விழாவுக்குப் பொது நிதியில் ஒரு காசும் வேண்டா, நாமே தண்டுவோம் என்று முற்பட்டுச் சொன்னால், மற்றவர் அதனை நம் சூழ்ச்சி என்று கருதமாட்டார். எல்லை வகுப்பவன் முதற்கல்லைத் தன் நிலத்தில் நடவேண்டும்.

முடிவுரை

தம்ம அன்பர்களே! நாம் எண்ணிக்கையில் சிலர். நாம் வாழும் தெருவிலும் உழைக்கும் இடத்திலும் பிற சமயத்தாரே பலர். அவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்றே வியர்வை சிந்துவோர். அவர்களை இழந்துவிட்டு நாம் பெறும் விடுதலை ஒன்றுமில்லை. அவர்களுக்காக நம் தம்மத்தை மறைத்து வைப்பதும் விடுதலையன்று. இரண்டையும் இழவாமல் காப்பதே இப்பாடத்தில் கூறிய எல்லை. அடுத்த முறை பொதுச் சபையில் சமயப் பேச்சு எழும்போது, நாவை அசைக்கும் முன் மூன்று கேள்விகளை உள்ளத்துள் கேட்டுக் கொள்வோமாக: இது மெய்யா? இது பயனுடையதா? இதற்கு இதுவா இடமும் காலமும்?

படிப்பு வட்டத்துக்கான வினாக்கள்

1. சீமா வகுக்காமல் சங்க காரியம் செய்யலாகாது என்பதன் கருத்தை நம் சபைக்குப் பொருத்திக் கூறுக.

2. சீக சேனாபதி நிகண்டருக்கு உணவளிப்பதை நிறுத்தலாகாது என்று பகவன் கூறியது ஏன்? நம் உறவினரிடத்தில் இதனை எவ்வாறு கடைப்பிடிப்பது?

3. சமயப் பொருள், உரிமைப் பொருள் ஆகிய இரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் மும்மூன்று எடுத்துக்காட்டுகளை நும் ஊரிலிருந்தே தருக.

4. நும் சங்கத்தில் எல்லை வகுக்கும் தீர்மானம் ஒன்றை ஐந்து வரிகளில் எழுதுக. அதில் நம்மவரைக் கட்டுப்படுத்தும் வரி எது என்று காட்டுக.

எல்லா உயிர்களும் நலம் பெறுக!

நமோ புத்தாய!